பயிற்றுநர் இரண்டின் கால்

மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி, உங்கள் செருப்பை மிதித்துவிட்டேன். வலித்ததா? வேண்டுமென்று செய்யவில்லை. முன்னால் அந்த ஆட்டோ குறுக்கே வந்தது இல்லையா, அப்போது என் வலது கால் தானாக இறங்கிவிட்டது. பல வருடத்துப் பழக்கம். நான் இறங்குவதற்குள் இன்னும் ஒன்றிரண்டு தடவை மிதித்தாலும் மிதிப்பேன். உங்கள் காலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டால் உங்களுக்கு நல்லது.

சட்டைப் பையில் எழுதியிருப்பதைப் படிக்கிறீர்கள். ஆமாம், ஆவுடை டிரைவிங் ஸ்கூல், பாவூர்சத்திரம். ஆவுடையப்பன் நான்தான். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன் பஸ்ஸில் போகிறானே என்று நினைப்பீர்கள். கண்டக்டரும் அதைத்தான் கேட்டான். வண்டி மருமகளிடம் இருக்கிறது என்றேன். சிரித்தான். அவனுக்கு டூ வீலர் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். இந்தச் சிரிப்பையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வேன்.

பல்கலைக்கழக ஸ்டாப்பில் இறங்க வேண்டும். அங்கே இன்றைக்கு ஒரு பெண்ணுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கப் போகிறார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. படித்துப் படித்து வாங்குகிற டாக்டர். கடைசியில் ஒரு தேர்வு வைப்பார்களாம். எல்லோர் முன்னாலும் அந்தப் பெண் நின்று பதில் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். அதைச் சொன்னதும் அந்தப் பெண்தான். "ஐயா, நீங்களும் வாங்க, கேக்கணும்னா கேளுங்க" என்றாள். கேட்கத்தான் போகிறேன்.

பெயர் பெனிட்டா. பாளையங்கோட்டைப் பெண். சொல்லிக்கொடுக்கிறவர்கள் மனதில் என்ன நம்புகிறார்கள், வகுப்பில் என்ன செய்கிறார்கள், இதுதான் அவள் ஆராய்ச்சி. பள்ளிக்கூட வாத்தியார்களை எல்லோரும் ஆராய்ந்து முடித்துவிட்டார்களாம். அதனால் பள்ளிக்கூடத்துக்கு வெளியே சொல்லிக்கொடுக்கிறவர்களைப் பிடித்திருக்கிறாள். தையல் சொல்லிக்கொடுக்கிற அம்மா ஒருத்தி, டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறவர் ஒருத்தர், டிரைவிங்குக்கு நாங்கள் சிலபேர். போன வருடம் ஆனியில் வந்து நின்றாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடையை வெளியே மடக்கி வைத்துவிட்டு, "ஐயா, உங்க வகுப்பறையைப் பார்க்கலாமா?" என்றாள். எனக்கு ஏதம்மா வகுப்பறை என்றேன். காரைக் காட்டினாள்.

தம்பி, நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதிதான். என்னை ஒருத்தி வாத்தியார் என்று சொல்லி, என் காரை வகுப்பறை என்று சொன்னால் எப்படி இருக்கும்? டீ வாங்கிக் கொடுத்தேன். கூட வடையும்.

முதல் நாள் கேள்வி. அவள் ஒரு வாக்கியம் வாசிப்பாள். முழுக்கச் சம்மதமா, சம்மதமா, இரண்டும் இல்லையா, சம்மதம் இல்லையா, துளிகூடச் சம்மதம் இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். எல்லோராலும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியும். முழுக்கச் சம்மதம். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி கற்றுக்கொள்வார்கள். முழுக்கச் சம்மதம். தப்பு செய்தால்தான் கற்க முடியும். அதற்கும் முழுக்கச் சம்மதம். வந்திருப்பது பெண்பிள்ளை, மழையில் நனைந்து வந்திருக்கிறாள், அவளிடம் போய்ச் சம்மதம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? எல்லாவற்றுக்கும் முழுக்கச் சம்மதம் என்றேன். நாகரிகம் தெரிந்தவன் அப்படித்தான் சொல்வான்.

அப்புறம், நீங்கள் படித்த காலத்தில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். அதைக் கேட்கத்தான் இத்தனை வருடமாக எனக்கு ஆள் இல்லை. எனக்குக் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரியும். பலகையில் கணக்குப் போடக் கூப்பிடுவார். நான் சாக்கட்டியை எடுத்து ஒரு கோடு இழுத்திருப்பேன், அதற்குள் சாக்கட்டியைப் பிடுங்கி அவரே போட்டு முடித்துவிடுவார். முடித்துவிட்டு "புரிஞ்சுதாலே?" என்பார். புரிந்தது என்று தலையாட்டுவேன். நான் ஒரு கணக்காவது என் கையால் போட்டு முடித்திருந்தால் இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பேன். அந்த ஆள் செத்தபோது ஊரே போனது. நான் போகவில்லை. பெனிட்டா இதை மட்டும் விறுவிறு என்று எழுதிக்கொண்டாள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாளிலிருந்து காரின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் மீசைக்கு மை போட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போனேன். படம் பிடிப்பேன் என்று சொல்லியிருந்தாள் இல்லையா. கேமராவை எங்கே வைத்தாள் தெரியுமா? என் கால்மாட்டில். என் முகத்தை விட்டுவிட்டு, வெடிப்பு விழுந்த குதிகாலைப் படம் பிடித்தாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா? தெரியாதா. அப்படியென்றால் இதைச் சொல்ல வேண்டும். ஸ்கூல் வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒன்று, இடது பக்கம் உட்கார்ந்திருக்கிற எங்கள் காலடியில் ஒன்று. கிளச்சும் அப்படித்தான். ஆபத்து என்றால் நாங்கள் மிதிப்பதற்கு வைத்திருக்கிறது. ஆபத்து வந்த பிறகு மிதிக்கிறவன் என்ன வாத்தியார்? வருவதற்கு முன்னாலேயே நான் மிதித்துவிடுவேன். வளைவு வருகிறதா, மிதித்துவிடுவேன். ஆடு தெரிகிறதா, மிதித்துவிடுவேன். எதிரே பஸ் வந்தால் கிளச்சும் நான், பிரேக்கும் நான். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. தானே ஓட்டினோம் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். என் வண்டியில் இதுவரை ஒரு கோடு விழுந்ததில்லை. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற வேறு யாரையாவது இப்படிச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இந்த இடத்தில் பேங்க் மேனேஜர் கிருபாகரன் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பெனிட்டா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். என்னிடம் ஒரு மாதம் படித்தார். தேர்வில் ஒரே தடவையில் பாஸ். அன்றைக்கும் பக்கத்துச் சீட்டில் நான்தான் இருந்தேன். புது வீட்டுக்குப் பால்காய்ப்பு வைத்து, அதே நாளில் புதுக் காரும் எடுத்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் வாசலில் நிற்கிறார்கள். காரை ஓட்டிக்கொண்டு வந்தவர், நிற்காமல் நேரே போய்ப் புதுக் காம்பவுண்டுச் சுவரில் ஏற்றினார். சிமெண்டுகூடக் காயவில்லை. பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அடுத்த நாள் என் ஸ்கூல் வாசலில் வந்து நின்று, இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தும் எனக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையே என்று நாலு பேர் முன்னால் கத்தினார். அவருக்குக் கால் வரவில்லை என்றால் நான் என்ன செய்ய? அன்றிலிருந்து அந்த பேங்குப் பக்கம் நான் போவதில்லை.

இதைக் கேட்டுவிட்டு பெனிட்டா ஒரு கேள்வி கேட்டாள். "ஐயா, உங்ககிட்ட ஓட்டின நாள்ல அவர் ஒரு தடவையாவது அவரா பிரேக் போட்டிருப்பாரா?"

"அவர் எதுக்கும்மா போடணும்? நான் பக்கத்துல இருக்கேன்லா?"

அவள் குனிந்து எழுதிக்கொண்டாள். படித்தவர்களிடம் பதில் சொல்லிவிட்டால் வாயடைத்துப் போவார்கள்.

இப்போது என் மருமகளுக்கு வருகிறேன். மாரிச்செல்வி. என் மகன் சுயம்பு மஸ்கட்டில் இருக்கிறான். ஸ்கூலில் போன் எடுப்பது, ஆள் சேர்ப்பது, தேர்வுக்குத் தேதி போடுவது எல்லாம் அவள்தான். கெட்டிக்காரி, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். கல்யாணமான வருடமே நான் அவளுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தேன். எந்த மாமனார் செய்வான்? அந்த லைசென்ஸ் ஏழு வருடமாக பீரோவில் பத்திரமாக இருந்தது. வண்டியைக் கொடுங்க மாமா, பெண்கள் நிறையப் பேர் பெண் வாத்தியார் இருந்தால் சேர்வோம் என்கிறார்கள், நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அடிக்கடி கேட்பாள். நான் மாட்டேன் என்றே சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் பழகு என்றுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கவும் செய்தேன். என் கால் இல்லாமல் அவளால் ஒரு தெருகூடத் தாண்ட முடியாது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் கால் இல்லாமல் அவளை நான் விட்டதே இல்லையே, அதனால்தான் தெரியும்.

நிலைமை இப்படி இருக்கும்போது பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சி என்று ஒன்று போட்டார்கள். டிரைவிங் சொல்லிக்கொடுக்கிற எங்களுக்கு. இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சொல்லிக்கொடுக்கிற பயிற்சி. காலையில் ஒரு ஹாலில் உட்கார வைத்து, ஒரு சார் திரையில் படம் போட்டுப் பேசினார். அவர் கார் ஓட்ட மாட்டாராம், டிரைவர் வைத்திருக்கிறாராம். மத்தியானம் சாம்பார் சாதம். அதற்கப்புறம் பெனிட்டா எழுந்து, இப்போது ஒரு சின்னப் பயிற்சி என்றாள். ஒவ்வொருவரும் கற்கிற ஆள் ஒருவரைக் கூட்டி வரச் சொல்லியிருந்தாள். குளத்துக்கரை ரோட்டில் ஓட்ட வேண்டும். நாங்கள் பக்கத்துச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். காலைக் கீழே வைக்கக் கூடாது. வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மற்றவர்கள் எல்லாம் நன்றாக ஓட்டத் தெரிந்த பையன்களைக் கூட்டி வந்திருந்தார்கள். நான் அந்த மாதிரிக் கள்ளத்தனம் செய்யவில்லை. வேண்டுமென்றே மாரிச்செல்வியைக் கூட்டிப் போயிருந்தேன். வண்டி குளத்துக்குள் இறங்கட்டும், இந்தப் பெண்ணும் பார்க்கட்டும், அந்தப் பெண்ணும் பார்க்கட்டும், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாளில் புத்தி வரட்டும் என்றிருந்தேன். குளத்தில் தண்ணீரும் முழங்காலளவுதான் இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டேன். ஏறுவதற்கு முன்னால் பெனிட்டாவைச் சாட்சி வைத்துச் சொன்னேன்: "இன்னைக்கு என் கால் இல்லாம நீ திரும்பி வந்துட்டா, நாளையிலருந்து வண்டி ஒனக்கு. வரலன்னா இந்தப் பேச்சையே எடுக்கப்படாது."

மாரிச்செல்வி சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, "சரி மாமா, ஏறுங்க" என்றாள்.

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இந்த வயதில் சீட்டில் சம்மணம் போடுவது லேசா? வண்டி கிளம்பியது. முதல் வளைவு வந்தது. சொல்லிக்கொடுக்க வேண்டும் இல்லையா, வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? அந்த இடத்தில் நான் எப்போதும் மிதிப்பேன், அவ்வளவுதான். மிதிப்பதை வாயால் எப்படிச் சொல்வது? "ஏ, ஏ" என்றேன். அதற்குள் அவள் வேகத்தைக் குறைத்து வளைத்துவிட்டாள். இரண்டாவது வளைவிலும் "ஏ" என்றேன். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வாத்தியார் தேவையில்லாமல் பேச மாட்டார்.

பாதி தூரம் போயிருப்போம். வயலுக்குள்ளிருந்து வாத்துக் கூட்டம். நூறா இருநூறா தெரியாது, ரோட்டை அடைத்துக்கொண்டு ஏறியது. மேய்க்கிறவன் பின்னால் எங்கேயோ வருகிறான். நான் என் முழு பலத்தையும் கொடுத்து ஒரே மிதி. வண்டி பூ மாதிரி நின்றது. ஒரு வாத்துக்கும் சேதம் இல்லை. கடைசி வாத்து நொண்டிக்கொண்டு தாண்டும்வரை நின்றோம்.

"பாத்தியா, நான் மிதிக்கலன்னா என்ன ஆயிருக்கும்?" என்றேன்.

மாரிச்செல்வி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டிலிருந்து பெனிட்டா மெதுவாகச் சொன்னாள், "ஐயா, நீங்க மிதிச்சது முன்னால டாஷ்போர்டுல இருக்கற பெட்டி மூடிய. அது ஒடஞ்சிட்டு."

குனிந்து பார்த்தேன். மூடி தொங்கிக்கொண்டிருந்தது. பெருவிரலில் ரத்தம். அதனால் என்ன? அத்தனை வருடமாக என் காலுக்குப் பழகின வண்டி. எங்கே மிதித்தாலும் அதற்குத் தெரியும். இதையெல்லாம் படிப்பால் தெரிந்துகொள்ள முடியாது.

வாக்குக் கொடுத்தவன் நான், பின்வாங்கவில்லை. மறுநாள் சாவியைக் கொடுத்தேன். கொடுத்ததாகத்தான் ஊரில் சொல்லியிருக்கிறேன். ஆணியில் மாட்டி வைத்திருந்தேன், அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டும் ஒன்றுதான். இப்போது காலேஜ் படிக்கிற பெண்ணிலிருந்து பேரன் எடுத்த பெண் வரை எல்லோரும் அவளிடம்தான் படிக்கிறார்கள். ஸ்கூல் பெயர் இன்னும் என் பெயர்தான், போர்டைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அது மட்டுமா? அந்த மேனேஜர் கிருபாகரன், சுவரில் ஏற்றினவர், வெட்கமே இல்லாமல் திரும்ப வந்து அவளிடம் முதலிலிருந்து படிக்கிறார். என் எதிரிலேயே வந்து, "வணக்கம் ஆவுடையப்பன்" என்று வேறு சொல்கிறார். நன்றாக ஓட்டுகிறார் என்று கேள்வி. ஓட்டாமல் என்ன செய்வார், அஸ்திவாரம் போட்டது யார்?

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன் தம்பி. பொறுக்க முடியாதது இனிமேல்தான்.

எழுதி முடித்ததும் பெனிட்டா வீட்டுக்கு வந்தாள். உங்களைப் பற்றி எழுதியிருப்பதை உங்களுக்கு வாசித்துக் காட்டாமல் கொடுக்க மாட்டேன் என்றாள். இதில் மட்டும் அவளைக் குறை சொல்லக் கூடாது. மாரிச்செல்வி காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். பெனிட்டா வாசித்தாள். நான் அதில் பயிற்றுநர் இரண்டு. ஒன்று அந்தத் தையல் அம்மா. "எல்லோராலும் கற்க முடியும் என்று தாம் முழுமையாக நம்புவதாகப் பயிற்றுநர் இரண்டு கூறினார். அவருடைய கால் அதை நம்பவில்லை." இப்படி எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே அந்தக் கணக்கு வாத்தியார் கதை. சாக்கட்டியைப் பிடுங்கினது, "புரிஞ்சுதாலே" என்று கேட்டது எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை இருக்கிறது. என் காலைப் பற்றிச் சொல்கிற இடத்தில் அந்த ஆளைக் கொண்டுபோய் ஏன் வைத்தாள்? அவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நானும் எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன், பிடிபடவில்லை. பக்கம் மாறிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

வாசித்து முடித்தபோது மாரிச்செல்வி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளே இருமினாள். இருமலா சிரிப்பா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் எழுந்து ஒரே ஒரு கேள்வி. என் காலின் நம்பிக்கையைப் பற்றிப் பேச நீ யார்? நேற்று ராத்திரி சாப்பிடும்போது மருமகளிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, அதுல உங்க பேரே இல்ல. பயிற்றுநர் ரெண்டு யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க எந்திரிச்சுக் கேட்டாத்தான் தெரியும்."

"அதுக்குத்தான் போறேன். பேர் போடாம எழுதினா அது எனக்கு மரியாதையா?"

அவள் கரண்டியைத் திரும்ப எடுத்தாள். அப்புறம், "சரி, கார்லயே வாங்க. நானும் போறேன், அந்தப் பிள்ள கூப்ட்டிருக்கு" என்றாள். காரில் எனக்கு எந்தச் சீட்டு? ஓட்டுகிற சீட்டில் கற்றுக்கொள்கிறவர் இருப்பார். இடது சீட்டில் அவள். என்னைப் பின்சீட்டில் உட்காரச் சொல்கிறாள். என் வண்டியில், பின்சீட்டில். மூட்டு வலிக்கிறது, பஸ்தான் வசதி என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் சிரிக்காமல் கேட்கிறீர்கள். நல்ல பிள்ளை. அந்த மண்டபத்தில் நான் எழுந்து நிற்கும்போது பெரிய பெரிய வாத்தியார்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். யார் அந்தப் பயிற்றுநர் இரண்டு என்று அவர்களுக்கும் ஒரு குறுகுறுப்பு இருக்கும் இல்லையா? நான்தான் என்பேன். வேண்டுமென்றால் காலையும் காட்டுவேன். பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த ஹாரன். திரும்பிப் பாருங்கள், வலது பக்கம். நம் வண்டி. மேலே போர்டு தெரிகிறதா, ஆவுடை என்று? பஸ்ஸை முந்துகிறது. ஓட்டுகிறது யார் என்று பாருங்கள், அந்த மேனேஜர் கிருபாகரனேதான். இத்தனை பெரிய ரோட்டில், இந்த வேகத்தில். இடது சீட்டில் அவள். ஐயையோ, காலைப் பாருங்கள். சீட்டு மேல் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கோயிலில் உட்கார்ந்த மாதிரி. கையை மடியில் வைத்திருக்கிறாள். முன்னால் லாரி வருகிறது. அந்த ஆளுக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாது தம்பி, என்னிடம் ஒரு மாதம் படித்தவர்.

போய்விட்டார்கள். லாரி வருவதற்குள் சரியாகத்தான் இடது பக்கம் ஒதுங்கினார். அது அதிர்ஷ்டம்.

இதோ, வளைவுக்குள் திரும்புகிறார்கள். அதுதான் பல்கலைக்கழகம். நமக்கும் ஸ்டாப் வந்துவிட்டது. இந்த டிரைவர் நிறுத்துவானா என்று பாருங்கள், வேகத்தைக் குறைக்கவே மாட்டேன் என்கிறான். ஸ்டாப்பைத் தாண்டிவிடுவான் போலிருக்கிறது. பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி.

பார்த்தீர்களா, நின்றுவிட்டது. நான் மிதிக்காவிட்டால் தாண்டியே போயிருப்பான்.

மறுபடியும் உங்கள் கால்தானா? கொஞ்சம் காலை எடுங்கள் தம்பி, நான் இறங்க வேண்டும்.